கோடு கிழித்த நடுவர் பில் கிளெம்

ஆண்டு மலர்களில் அரசர்களின் வரலாறும் அறிஞர்களின் வரலாறும் இடம்பெறுவது மரபு. புலவர், விடுதலை வீரர், அறிவியலாளர் எனப் பலரைப் பற்றியும் நம் மாணவச் செல்வங்கள் படித்திருப்பர். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டவர் இவர்களுள் எவ்வகையிலும் சேராதவர். விளையாட்டுத் திடலில் முப்பத்தேழு ஆண்டுகள் நின்றும் ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை, தோற்றதுமில்லை. கூட்டம் அவரைக் கண்டு கைதட்டியது குறைவு, கூச்சலிட்டதே மிகுதி. அவர் ஒரு நடுவர். பெயர் வில்லியம் கிளெம். அமெரிக்க மக்கள் அவரைப் பில் கிளெம் என்றே அழைத்தனர்.

அவர் நின்ற ஆட்டம் பேஸ்பால். நம் நாட்டில் இது பரவலாக ஆடப்படுவதன்று. ஆயினும் நம் பள்ளிகளில் ரவுண்டர்ஸும் சாப்ட்பாலும் ஆடிய பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது எளிது. ரவுண்டர்ஸ் இதன் உறவு. சாப்ட்பால் இதன் பிள்ளை. ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் மட்டையால் அடித்து, மூன்று தளங்களைத் தொட்டுச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம்.

இதில் நடுவரின் வேலை யாது? பந்து வீசுபவர் அறுபதடி ஆறங்குலத் தொலைவில் நிற்கிறார். மட்டையாளரின் முன்னே தரையில் பதிந்திருக்கும் வெள்ளைப் பலகையின் அகலம் 17 அங்குலம். வீசிய பந்து அப்பலகையின் மேலாகவும், மட்டையாளரின் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையிலும் செல்ல வேண்டும் என்பதே அக்கால விதி. அவ்வாறு சென்றால் அது ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் ஆனால் மட்டையாளர் வெளியேற வேண்டும். பந்து கையை விட்டுப் பலகையைக் கடக்க அரை நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. அந்த அரை நொடியில் நடுவர் காண வேண்டும். கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் இத்தகைய முடிவுகளை இருநூறு முறைக்கு மேலும் சொல்ல நேரும். ஒவ்வொன்றும் ஒரு குழுவுக்கு மகிழ்ச்சி, மறு குழுவுக்கு எரிச்சல். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு முள் எங்கே நின்றது என்பதில் எழும் பேச்சை அறிந்த பெற்றோருக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

பில் கிளெம் 1874ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் பிறந்தார். இளமையில் தாமே ஆட்டக்காரராகும் ஆசை அவருக்கு இருந்தது. கை தளர்ந்துவிட்டதால் அந்த ஆசை நிறைவேறவில்லை. பாலம் கட்டும் இடங்களில் இரும்பு வேலை செய்து பிழைத்தார். அவர் ஊரைச் சேர்ந்த சில்க் ஓலாக்லின் என்பவர் பெரிய கூட்டணி ஒன்றில் நடுவராகிப் புகழ்பெற்ற செய்தியைப் படித்தபோது, நாமும் அவ்வேலையைச் செய்தால் என்ன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. 1902இல் கனெக்டிகட் மாநிலத்துச் சிறு கூட்டணி ஒன்றில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு கூட்டணியாக ஏறி, 1905இல் தேசியக் கூட்டணி எனப்படும் நேஷனல் லீகில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 31.

அந்நாளில் நடுவர் வேலையை விரும்பி ஏற்பவர் குறைவு. பல ஆட்டங்களுக்கு ஒரே நடுவர்தாம். ஒரு மனிதர் நான்கு திசையையும் எங்ஙனம் காண்பது? பந்தை நோக்கினால் ஓடுபவரைக் காண இயலாது. ஓடுபவரை நோக்கினால் பந்து தப்பும். நடுவர் மறுபுறம் பார்க்கும் வேளையில், ஓடப்போகும் எதிராளியின் இடைவாரைப் பின்னாலிருந்து பற்றி நிறுத்தும் ஆட்டக்காரர்களும் இருந்தனர். தீர்ப்புப் பிடிக்காத மக்கள் புட்டிகளை வீசினர். இவ்வேலையில் அமர்ந்தோர் பலர் சில ஆண்டுகளிலேயே விலகிச் சென்றனர்.

இடைவாரைப் பற்றும் கலையில் பெயர்பெற்றவர் என்று கதைகள் சொல்லும் ஜான் மக்ரா என்பவரைப் பற்றி இங்கே கூறியாக வேண்டும். அவரும் நியூயார்க் மாநிலத்தவரே. கிளெமுக்கு ஓராண்டு மூத்தவர். பால்டிமோர் குழுவில் ஆடிப் பெயர் பெற்று, 1902 முதல் 1932 வரை நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் நிர்வாகியாக விளங்கினார். நிர்வாகி என்றதும் நம் தோட்டத்து வாசகர்களுக்குத் துரையின் நினைவு வரக்கூடும். பேஸ்பால் நிர்வாகி அத்தகையவர் அல்லர். குழுவைத் தேர்ந்து, பயிற்றுவித்து, ஆட்டத்தின் போக்கை ஓரத்து இருக்கையிலிருந்து நடத்துபவர் அவர். மக்ரா இதில் நிகரற்றவர். பத்து முறை தம் குழுவைத் தேசியக் கூட்டணியின் முதலிடத்தில் நிறுத்தினார். எனினும் நடுவர் ஒரு முடிவு சொன்னால் அதனை எதிர்த்து ஓடிவந்து வசைமாரி பொழிவதும் அவருக்கு வழக்கம்.

விதியை நடுவர் தவறாகப் பொருள் கொண்டார் என்று நிர்வாகி முறையிடலாம், அதற்கு இடமுண்டு. கண்ணால் கண்டு சொன்ன முடிவைப் பற்றி முறையிட அக்காலத்தில் இடமிருக்கவில்லை. எல்லை மீறிப் பேசினால் ஆட்டக்காரராயினும் நிர்வாகியாயினும் திடலை விட்டு வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில், தாம் நடத்தும் குழுவை விட்டுவிட்டு ஒரு நிர்வாகி நடந்து வெளியேறுவது எளிய செய்தியன்று. மக்ரா தம் வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் அவ்வாறு வெளியேற்றப்பட்டார். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர், 2007ஆம் ஆண்டில்தான் அட்லாண்டா குழுவின் நிர்வாகி பாபி காக்ஸ் என்பவர் அந்த எண்ணிக்கையைக் கடந்தார். முறியடிக்கப்பட வேண்டிய சாதனைதானா இது என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்கர் எதையும் கணக்கில் எழுதி வைக்கும் மக்கள்.

இத்தகையவர் முன்னிலையில் புதியவரான கிளெம் எவ்வாறு நின்றார்? அவர் உயரமானவர் அல்லர். அடிதடியில் இறங்குபவரும் அல்லர். அவரிடம் இருந்த கருவி அவருடைய காலணியின் முனைதான். வாதம் முற்றும்போது அவர் காலால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவார். அக்கோட்டைத் தாண்டியவர் அன்றைய ஆட்டத்தில் இல்லை. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் பெயரையே அக்கோட்டுக்கு அவர் வைத்திருந்தார். சினங்கொண்டு பாய்ந்து வந்த வீரர்கள் கோட்டின் முன்னே நின்று கையை ஆட்டிக் கத்தினரேயன்றி அதனைத் தாண்டத் தயங்கினர். இதில் ஒரு நுட்பம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. எதிராளிக்கு எதிராளியாக நின்று வாதாடினால் இருவருக்கும் சினம் ஏறும். கோடோ பேசுவதில்லை. தாண்டுவதும் தாண்டாதிருப்பதும் வந்தவரின் விருப்பம்.

ஒருமுறை மக்ரா, உம் வேலையைப் பறித்துவிடுவேன் என்று அவரை மிரட்டியதாகக் கூறுவர். அவ்வாறு பறிக்க முடியுமானால் அந்த வேலையே தமக்கு வேண்டாம் என்று கிளெம் அமைதியாக விடையிறுத்தாராம். மக்ராவின் குழு பணமும் செல்வாக்கும் மிக்கது என்பதையும், கிளெமுக்கு வேறு பிழைப்பு இரும்பு வேலைதான் என்பதையும் நினைவில் கொண்டு இதனைப் படிக்க வேண்டும்.

இனி 1908ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கில், போலோ கிரவுண்ட்ஸ் என்னும் திடலில், ஜயண்ட்ஸ் குழுவும் சிகாகோ கப்ஸ் குழுவும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் இரு பக்கமும் ஓர் ஓட்டம். ஜயண்ட்ஸ் வீரர் ஒருவர் மூன்றாம் தளத்திலும், பிரெட் மெர்க்கிள் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் முதல் தளத்திலும் நிற்கின்றனர். அடித்த பந்து திடலுக்குள் உருண்டோட, மூன்றாம் தளத்தவர் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டார். கூட்டம் மகிழ்ச்சிப் பெருக்கில் திடலுக்குள் இறங்கிவிட்டது. அதைக் கண்ட மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமலே உடைமாற்றும் அறையை நோக்கித் திரும்பிவிட்டார். அக்காலத்து ஆட்டக்காரர் பலரும் அவ்வாறு செய்வதுண்டு. ஆனால் சிகாகோ வீரர் ஜானி எவர்ஸ் ஒரு பந்துடன் இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டு, மெர்க்கிள் தளத்தைத் தொடவில்லை. ஆகவே ஓட்டம் செல்லாது என்று முறையிட்டார். நடுவர் ஹாங்க் ஓடே அதனை ஏற்றார். ஆட்டம் சமன் என்று முடிவாயிற்று.

நாட்டையே கலக்கிய தீர்ப்பு அது. விதி நூலின்படி ஓடே சொன்னது சரியே. எனினும் கிளெம் பிற்காலத்தில் அத்தீர்ப்பை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தார். விதியின் எழுத்தைப் பற்றி அதன் நோக்கத்தைக் கைவிட்ட தீர்ப்பு என்பது அவர் எண்ணம். நம் எண்ணம் ஓடேயின் பக்கமே சாய்கிறது. ஆயினும் உடன் பணியாற்றிய நடுவரின் முடிவையும் குறைகூறத் தயங்காத கிளெமின் துணிவு வியக்கத்தக்கது.

பருவ முடிவில் இரு குழுக்களும் வெற்றிகளில் சமமாக நின்றன. ஆகவே அக்டோபர் 8ஆம் நாள் அதே திடலில் மீண்டும் ஓர் ஆட்டம். வென்றவர் உலகத் தொடருக்குச் செல்வர். நடுவர்களாக அமர்த்தப்பட்டவர்கள் கிளெமும் ஜிம்மி ஜான்ஸ்டோனும். அன்று திடல் கொள்ளாத கூட்டம். வேலிகளை உடைத்தும், அருகிலிருந்த உயரமான இடங்களில் ஏறியும் மக்கள் பார்த்தனர்.

பார்வையாளர் மேடையின் அடியில், ஆட்டத்திற்கு முன், ஒருவர் கிளெமை அணுகினார். கையில் பணக்கட்டு. தொகை 2,500 டாலர். அந்நாளில் எளிய வருவாயுடைய ஒருவருக்கு அது பெருஞ்செல்வம். நெருக்கமான முடிவுகளை ஜயண்ட்ஸ் பக்கம் சாய்த்தால் போதும் என்பதே கோரிக்கை. பொய்ம்மை எதையும் வெளிப்படையாகச் செய்ய வேண்டியதில்லை. ஐயத்திற்கு இடமான பந்து வரும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். அரை நொடி முடிவை எவர் சென்று அளக்கப் போகிறார்? யாருக்கும் தெரியாது. கிளெம் ஒருவருக்கே தெரியும்.

கிளெம் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே சென்று மட்டையாளரின் பின்னே நின்றார். சிகாகோ குழு நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. வெறிகொண்ட கூட்டத்திடமிருந்து காவலர் துணையோடு அக்குழுவினர் வெளியேறினர். கிளெம் நடந்ததைத் தேசியக் கூட்டணியின் தலைமைக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். விசாரணை நடந்தது. பணத்துடன் வந்தவர் ஜயண்ட்ஸ் குழுவோடு தொடர்புடைய மருத்துவர் ஜோசப் கிரீமர் என்பது பின்னர்ச் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அவர் மறுத்தார். ஆயினும் பெரிய கூட்டணித் திடல்கள் எவற்றிலும் அவர் காலடி வைக்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. பணத்தைக் கொடுத்து அனுப்பியவர் யார் என்பது வெளிவரவேயில்லை. அவ்வாண்டு உலகத் தொடரில் நடுவராக நிற்கக் கிளெம் முதன்முறையாக அழைக்கப்பட்டார். தொடரைச் சிகாகோ கப்ஸ் குழுவே வென்றது. அடுத்த முறை அக்குழு அவ்வெற்றியைப் பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. கிளெமோ 1940 வரை மொத்தம் 18 உலகத் தொடர்களில் நடுவராக நின்றார். வேறெந்த நடுவரும் அத்தனை தொடர்களில் நின்றதில்லை.

கிளெமின் தொழில் நுட்பத்தையும் ஓரளவு கூறுவோம். அந்நாளில் நடுவர் பலர் பெரிய மெத்தை போன்ற மார்புக் காப்பை வெளியே பிடித்துக்கொண்டு நின்றனர். கிளெம் சிறிய காப்பைச் சட்டையின் உள்ளே அணிந்தார். இதனால் பந்து பிடிப்பவரின் தோளருகே குனிந்து பந்தின் பாதையை நன்கு காண முடிந்தது. தேசியக் கூட்டணி நடுவர்கள் அவரைப் பின்பற்றினர். கையைத் தூக்கி முடிவைக் காட்டும் முறையையும் அவரே தொடங்கினார் என்பர். காது கேளாத வீரர் வில்லியம் ஹோய் என்பவருக்காக அது முன்பே தோன்றியது என்று கூறுவாரும் உளர். யார் தொடங்கியிருப்பினும், கடைசி வரிசையில் இருந்தவரும் முடிவை அறிந்துகொள்ள அது உதவியது.

குறைகள் அற்றவர் அல்லர் அவர். அவர் முகத்தைக் கெளிறு மீனோடு ஒப்பிட்டு யாரோ ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டனர். அப்பெயரை எவர் முணுமுணுத்தாலும் அவருக்கு உடனே வெளியேற்றம்தான். அதை அறிந்த குறும்பர்கள் வேண்டுமென்றே சொல்லிப் பார்ப்பதுண்டு. 1934 உலகத் தொடரில் டெட்ராய்ட் வீரர் கூஸ் காஸ்லினோடு ஒரு முடிவைப் பற்றிப் பூசல் எழுந்தது. அது திடலோடு முடிந்திருக்கலாம். பிறகு விடுதியில் அவ்வீரரைக் கண்டபோது கிளெம் தகாத சொற்களால் ஏசிவிட்டார். ஆணையர் லாண்டிஸ் கிளெமுக்கு அபராதம் விதித்தார். நாவடக்கம் இல்லாதவரை முப்பதாண்டுகள் திடலை விட்டு அனுப்பியவர், தம் நாவுக்காகத் தாமே தண்டம் கட்டினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்தே அவருக்கு உலகத் தொடர் வாய்ப்பு மீண்டும் கிடைத்தது.

மற்றொன்று. தாம் ஒருமுறையும் தவறான முடிவு சொன்னதில்லை என்று கிளெம் கூறி வந்தார். மனிதர் எவராலும் இவ்வாறு சொல்ல இயலுமா? பிற்காலத்தில் அவரே அதனை, தம் உள்ளமறியத் தவறியதில்லை என்று மாற்றிக்கொண்டார். பின்னையதை நாம் ஏற்கலாம். முன்னையதை எவர் ஏற்பார்? 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் நிகழ்ந்ததைக் கிளெம் காண நேர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அன்று அர்மாண்டோ கலராகா என்னும் பந்து வீச்சாளர் இருபத்தாறு மட்டையாளர்களை ஒருவர் பின் ஒருவராக ஒருவரையும் தளம் சேர விடாமல் வெளியேற்றியிருந்தார். இருபத்தேழாமவரும் வெளியேறினால் அது வாழ்நாளில் ஒருமுறை கிட்டும் முழுநிறை ஆட்டம். அவர் வெளியேறியதை எல்லாரும் கண்டனர். நடுவர் ஜிம் ஜாய்ஸ் மட்டும் தளம் சேர்ந்தார் என்று கூறிவிட்டார். ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ் கண்ணீர் மல்க வருந்தினார். மறுநாள் ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலைக் கலராகாவே கொண்டுவந்து ஜாய்ஸின் கையில் கொடுத்தார். 2014 முதல் இத்தகைய முடிவுகள் பலவற்றைப் படக்கருவியால் மறுபடி நோக்கித் திருத்தும் முறை விரிவாக்கப்பட்டது. ஸ்டிரைக் முடிவையும் மறுத்துக் கருவியிடம் முறையிடும் ஏற்பாட்டை 2026ஆம் ஆண்டுப் பருவத்திற்கென 2025இல் ஒப்புக்கொண்டனர்.

கிளெமின் காலத்தில் கருவி இல்லை. கண் மட்டுமே இருந்தது. ஐயம் இல்லாத கண் என்பதே அவர் கொண்ட செருக்கு. அவர் பணியிலிருந்து விலகிய கதை அதனால்தான் நம்மைக் கவர்கிறது. 1941ஆம் ஆண்டு, அவருக்கு வயது 67. ஓர் ஆட்டத்தில் தளத்தை நோக்கிப் பாய்ந்த வீரரை வெளியேறியவர் என்று அவர் முடிவு சொன்னார். வழக்கம்போல் வீரர் வாதாடினார். கிளெம் திரும்பி நடந்தார். நடக்கையில் தமக்குள் ஒன்றை உணர்ந்தாராம். அவ்வீரர் வெளியேறினார் என்று தாம் கருதினாரேயன்றி, அறியவில்லை. அத்தனை ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை என்று அவர் பின்னர்க் கூறியதாகச் சொல்வர். அவர் சொன்ன முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். எவரும் அவரை விலகச் சொல்லவில்லை. அந்தப் பருவத்தோடு திடலில் நிற்பதை அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு தேசியக் கூட்டணி நடுவர்களுக்குத் தலைவராக இருந்து இளையவர்களை வழிநடத்தினார். 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அவரைச் சிறப்பிக்க ஒரு விழா எடுத்தனர். விழா நடந்த இடம் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் திடல். நாற்பத்தோராண்டுகளுக்கு முன் மேடையின் அடியில் பணக்கட்டு நீட்டப்பட்ட அதே இடம். அன்று கூட்டம் அவருக்காகக் கைதட்டியது. பேஸ்பால் தமக்கு ஆட்டமன்று, சமயம் போன்றது என்னும் கருத்துப்பட அவர் பேசினார். 1951 செப்டம்பரில் மயாமி நகரில் காலமானார்.

நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் பேஸ்பால் பெருமக்களுக்கான மண்டபம் ஒன்று உண்டு. 1953இல் அம்மண்டபத்திற்கு முதன்முறையாக நடுவர்களைத் தேர்ந்தெடுத்தபோது இருவர் இடம்பெற்றனர். ஒருவர் இங்கிலாந்தில் பிறந்த டாமி கானலி. பத்தாண்டுகள் தொடர்ந்து ஒருவரையும் திடலை விட்டு வெளியேற்றாதவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். மற்றவர் பில் கிளெம். ஜான் மக்ரா 1937இலேயே அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மக்ராவின் உருவம் பொறித்த வெண்கலப் பலகையும் கிளெமின் பலகையும் இன்று அதே மண்டபத்துச் சுவர்களில் இருக்கின்றன.